பேங்க் தருவதாகச் சொன்ன அட்வான்ஸ்

"சார், ஒரு சந்தேகம். எம்பொண்ணு படிச்சி முடிச்சி ஒரு கம்பெனிக்குப் போவுதுன்னு வைங்க. அந்தக் கம்பெனிக்காரங்க உங்க பணத்த உங்ககிட்ட குடுத்துட்டு எம்பொண்ண எடுத்துப்பாங்க. அதானே கணக்கு?"

அப்பா இப்படிக் கேட்டதும் பேங்க் மேனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை 'டொக்' என்றது.

"கம்பெனி எதுக்குங்க கட்டணும்?" என்றார் மேனேஜர். தென்மாவட்டத்துக்காரர். ஆரணிக்கு மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"பின்ன? ஒரு எடத்த வுட்டு இன்னோர் எடத்துக்குப் போறவங்க அட்வான்ஸ புதுசா எடுக்கறவங்கதானே தீக்கணும்?"

"வாங்கினவங்கதாங்க கட்டணும். இந்தப் பாப்பாதான். பாப்பா கட்டலைன்னா நீங்க."

அப்பா சிரித்தார். மேனேஜர் ஊருக்குப் புதியவர், போகப் போகத் தெரிந்துகொள்வார் என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு.

பிளஸ் டூ முடிவு வந்த நாளைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்கும் சென்னையில் நடந்த கவுன்சலிங்குக்கும் நடுவிலிருந்த நாட்களின் கதை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது.

தறியோடு போகும் கடன்

அப்பாவின் கேள்வியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் பட்டு நெய்கிறவர் ஒரு முதலாளியிடம் சேரும்போது அட்வான்ஸ் வாங்குவார். பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது. நெய்து கொடுக்கும் சேலைக்குக் கூலி உண்டு. அட்வான்ஸ் அதில் சேராது. அதற்கு வட்டி கிடையாது, கூலியில் பிடிப்பதும் அபூர்வம். தறியின் மேல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

நெய்கிறவர் வேறு முதலாளியிடம் போக நினைத்தால், புது முதலாளி பழையவருக்கு அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டுத் தறியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வார். கடன் தீராது. கை மாறும்.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். இரண்டின் மேலும் அட்வான்ஸ் இருந்தது. அப்பா தன் வாழ்நாளில் ஒரு கடனையும் கட்டி முடித்துப் பார்த்தவர் அல்ல. அவரைப்போல நாணயமான ஆளை எங்கள் தெருவில் காட்டுவது கஷ்டம். அவருக்குத் தெரிந்த கடன் அப்படிப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய அட்வான்ஸ் வாங்கியவர் நல்ல கைக்காரர் என்று பெயர். "அவனுக்கு மொதலாளி எவ்ளோ குடுத்துக்கிறாரு தெரியுமா?" என்று டீக்கடையில் ஒருவரைப் பற்றிப் பேசினால், அது பொறாமை கலந்த பாராட்டு.

மேனேஜர் சொன்ன கல்விக் கடன் தொகை எங்கள் இரண்டு தறிகளின் அட்வான்ஸைப்போல ஆறு மடங்கு. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது அப்பா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஈரத்தலையோடு படிக்கிற பெண்கள்

நான் ஆசைப்பட்ட கல்லூரி கோயம்புத்தூரில் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஓர் அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பேரை அங்கே அனுப்பினார்கள். இரண்டு ராத்திரி பெண்கள் விடுதியில் தங்கினோம்.

பலருக்கு அந்தக் கல்லூரியின் கட்டடம் பிடிக்கும், வளாகத்து மரங்கள் பிடிக்கும். எனக்கு நூலகம் பிடித்தது. சாயந்திரம் குளித்துவிட்டு, ஈரத்தலையை அப்படியே முதுகில் விட்டுக்கொண்டு, பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து படித்தார்கள். "விளக்கைப் போடு", "தண்ணி எடுத்துட்டு வா", "தறிக்குப் பாவு புடிக்க வா" என்று யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒருத்தி மேசை மேல் தலைவைத்துத் தூங்கினாள். அவளையும் யாரும் எழுப்பவில்லை.

மின்னணு ஆய்வகத்தில் ஓர் அலைக்காட்டிக் கருவியைத் தொட்டுப் பார்க்கவிட்டார்கள். குமிழைத் திருகினால் பச்சைக் கோடு அலையாக நெளிந்தது, இன்னும் திருகினால் இறுகி நின்றது. எங்கள் பள்ளியில் அதன் படம் மட்டும்தான் உண்டு, அதுவும் புத்தகத்தில்.

இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. அப்போது இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

என் மதிப்பெண்ணுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. கோவைக் கல்லூரியில் அதிகக் கட்டணம் கட்டும் இடம், விடுதிச் செலவு தனி. அல்லது வேலூரில் அரசுக் கல்லூரி. அங்கே கட்டணம் குறைவு. காலையில் ஆரணி பஸ் நிலையத்தில் ஏறினால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதே மின்னணுவியல்தான். சீனியர் அக்கா ஒருத்தி சொன்னபடி அங்கேயும் அலைக்காட்டி இருந்தது. பாதி ஓடாது.

"பொண்ணயா, வூட்டயா?"

பேங்கிலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்பா சைக்கிளை முதலாளி கடைப் பக்கம் திருப்பினார்.

முதலாளி வெள்ளை விரிப்பின் மேல் சம்மணமிட்டு ஒரு சேலையின் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலையிலிருந்து புதுப்பட்டின் வாசனை வந்தது.

"இன்னா ஏகாம்பரம், பொண்ணோட வந்துகிற? டாக்டருக்கா?"

"இஞ்ஜினீருங்க. கோயமுத்தூரு. பேங்க்ல அட்வான்ஸ் தராங்க."

"எவ்ளோ?"

அப்பா தொகையைச் சொன்னார். முதலாளி முந்தானையைக் கீழே வைத்தார்.

"அடேங்கப்பா! எனுக்கே அவன் அவ்ளோ ஜல்தியா தரமாட்டான்யா. இன்னா வச்ச? பொண்ணயா, வூட்டயா?"

"ரெண்டுந்தாங்க" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

எனக்கும் டீ வரவழைத்தார்கள். அந்தக் கடையில் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. டீ கையைச் சுட்டது. கீழே வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளி வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் மேனேஜர் மேசையில் நான் படித்த காகிதமும் அதைத்தான் சொன்னது. குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் கடன் வேண்டுமென்றால் சொத்துப் பத்திரம் வைக்க வேண்டும். எங்களிடம் இருந்த சொத்து, இரண்டு தறிகள் நிற்கிற அந்த வீடு.

அம்மா வாயைத் திறந்தாள்

அன்று மத்தியானம் நான் அப்பாவை உட்காரவைத்து விளக்கினேன். படிக்கிற நான்கு வருஷமும் வட்டி சேர்ந்துகொண்டே போகும். படித்து முடித்துக் கொஞ்ச காலத்தில் தவணை தொடங்கும். மாதா மாதம், வருஷக்கணக்கில். எந்தக் கம்பெனியும் அதை எடுத்துக்கொள்ளாது.

அப்பா தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி கேட்டார். வேலையை நிறுத்தியிருந்தார். பக்கத்துத் தெரு பவர்லூம் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அப்ப கம்பெனிக்காரன் உன்ன ஒரு பைசா குடுக்காம சும்மா எடுத்துப்பானா?"

"சும்மாதாம்பா. மாசம் சம்பளம் குடுப்பான்."

"அப்ப எப்ப வேணா உன்ன அனுப்பிடுவானே. அவன் பணம் ஒண்ணும் உம்மேல இல்லியே."

அப்போதுதான் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவதாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது.

"இருந்தாலும் பரவால்ல" என்றார் அப்பா. "நீ போ. எவனாவது எடுத்துப்பான். உன் கைக்கு எடுக்காம போயிடுவானா?"

ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள்.

"உன்ன எடுத்துகினாங்களா?"

"நீ சும்மா கீறியா?"

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? பாப்பா, உனுக்குத் தெரியாது. உங்கக்காவ தேவிகாபுரத்துல கட்டிக் குடுக்க உங்கப்பா மொதலாளிகிட்ட மேல மேல வாங்குச்சி. மறுவருசமே காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு மொதலாளி வந்தாரு. நம்ம சேலையப் பாத்துட்டு, எங்கிட்ட வா, கூலி இத்தினி தரேன்னாரு. இவரும் கெளம்பிட்டாரு. புதுச் சட்ட கூட எடுத்தாரு. அட்வான்ஸ் எவ்ளோன்னு கேட்டாங்க. சொன்னதும் அந்த ஆளு எழுந்து செருப்ப மாட்டிகினு போயிட்டாரு. தண்ணிகூட குடிக்கல."

அப்பா தறியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிலேர்ந்து அதே குழி, அதே மொதலாளி. அவரு கூலிய கொறச்சாலும் இவரு வாயத் தொறக்க முடியல. இப்ப பொண்ணையும் அப்பிடி ஒக்கார வைக்கணுமாம்." அம்மா மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். "அதுவும் இல்லாம, நாளைக்குக் கட்டிகினு போறவன் வூட்ல கேக்க மாட்டான்? பொண்ணு மேல கடனான்னு? வேலூர்ல பொண்ணுங்க படிக்கலியா?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. பேஜார் பண்ணாத."

அப்பா ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தார். எறியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பீடி வாங்கப் போனார்.

எனக்குக் காஞ்சிபுரக் கதை அதுவரை தெரியாது. அந்தப் புதுச் சட்டையை நான் பார்த்திருக்கிறேன். அப்பா பொங்கலுக்குப் போடுகிற நீலச் சட்டை.

பிறகு வந்த நாட்களில் எதையாவது காரணமாக வைத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். காய்ந்த துணிகளைத் திருப்பித் திருப்பிப் போடுவேன். கோவை என்று முடிவு செய்துகொண்டு படியிறங்குவேன். கீழே வருவதற்குள் அது வேலூராகியிருக்கும். மறுபடி மாடிக்குப் போவேன்.

அம்மாவின் கதைக்குப் பிறகு வேலூர் சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை. எனக்கு அம்மா மேல் கோபம்தான் வந்தது. அப்பாவுக்கு நடந்தது எனக்கு ஏன் நடக்க வேண்டும்? நான் படிக்கப் போகிறேன், குழியில் உட்காரப் போவதில்லை. இப்படி நினைத்த அடுத்த நிமிஷமே வீட்டுப் பத்திரம் ஞாபகம் வரும்.

திரையில் குறையும் எண்

கவுன்சலிங்குக்கு அப்பாவும் நானும் போனோம். பெரிய கூடம். மாவட்டம் மாவட்டமாகப் பெற்றோர்கள். தயிர்சாதமும் வியர்வையும் கலந்த வாசனை. முன்னால் ஒரு திரையில் கல்லூரிகளின் பெயர்களும், மிச்சமிருக்கும் இடங்களும் நகர்ந்துகொண்டிருந்தன.

கோவைக் கல்லூரியின் வரி வந்தது. மின்னணுவியல், ஐந்து.

அப்பா பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவர் கலசப்பாக்கம். மகனுக்காக வந்திருந்தார்.

"எம்பொண்ணு கோயமுத்தூருங்க" என்றார் அப்பா.

"செலவு ஆவுமே?"

"பேங்க்ல குடுக்கறாங்க. பொண்ண நம்பித்தான் குடுக்கறாங்க."

மறுபடி அந்த வரி வந்தது. நான்கு. பிறகு மூன்று.

"பாப்பா, கொறயுதும்மா. ஜல்தி போவலாம் வா."

"கூப்பிட்டாத்தாம்பா போகணும்."

"நான் போயி சொல்லட்டா? ஒண்ண எடுத்து வச்சிக்கச் சொல்லட்டா?"

"அப்பா, உக்காரு."

என் பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு இருந்தன.

தடுப்புக்கு உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் என்னைவிடச் சில வயது மூத்த ஒரு பெண். எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு நாற்காலிகள். "சொல்லுங்க" என்றாள்.

அப்பா திரையில் விரலை வைத்தார். "அதாம்மா. அதான்."

நான் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்க முயன்றேன். படித்து முடித்தபின், ஏதோ ஓர் ஆபீசில், ஒருவர் என்னிடம் சரியில்லாத ஒன்றைச் சொல்கிறார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வருகிறேன். வேலூரில் படித்த பெண் எழுந்து வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் திக்கியது, சம்பளம் கம்மி, ஆனால் வந்தாள். கோவையில் படித்த பெண் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு முயன்றும் அவளை என்னால் எழுப்ப முடியவில்லை.

"வேலூர்" என்றேன்.

அந்தப் பெண் திரும்பினாள். "கோவை இன்னும் ரெண்டு இருக்கு. பாத்தீங்க இல்ல? உறுதி பண்ணிட்டா மாத்த முடியாது."

"பாத்தேன். வேலூர்."

"பாப்பா?" என்றார் அப்பா.

அச்சு இயந்திரம் கறகறவென்று ஓடத் தொடங்கியது. திரையில் கோவையின் இரண்டு அப்படியே இருந்தது. அந்த இரண்டில் ஒன்றை யார் எடுத்திருப்பார்கள் என்று இன்றும் சில சமயம் நினைப்பேன். நான் செய்தது சரிதானா என்று கேட்டு வாசகி ஒருவர் எழுதினால், எனக்குத் தெரியாது என்றுதான் பதில் எழுதுவேன்.

செய்யாறு வரை

வெளியே மரத்தடியில் அப்பா நின்றுவிட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரல் எழும்பவே இல்லை.

"என்ன நம்பலியா நீ?"

"அப்படி இல்லப்பா."

"ஊரெல்லாம் சொல்லிட்டேன். மொதலாளிகிட்ட இன்னான்னு சொல்லுவேன்? பேங்க்காரன் தரலன்னா?"

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லு."

"அட்வான்ஸ வேணாம்னு யாருனா சொல்லுவாங்களா? நம்புவாரா அவரு?"

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். காஞ்சிபுரத்தில் பஸ் நின்றபோது கண்களை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அழவில்லை. அழுதால் இப்போதே திரும்பிப் போகலாம் என்று அவர் எழுந்துவிடுவார்.

செய்யாறு பஸ் நிலையத்தில் இறங்கிப்போய் வறுத்த வேர்க்கடலை வாங்கி வந்தார். பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"வேலூருக்கு வருசத்துக்கு எவ்ளோ ஆவும்?"

கட்டணம், பஸ் பாஸ், புத்தகம் எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"அவ்ளோதானா?" அப்பாவின் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு இன்னாத்துக்கு பேங்க்கு? நாளைக்கே மொதலாளிகிட்ட கேக்கறேன். என் தறி மேல ஏத்திக்கலாம். வட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லாவற்றையும் யோசித்ததாக நினைத்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. என் மேல் வர வேண்டியதை நான் தள்ளிவிட்டால், அது காற்றில் போகாது. அந்தக் குழிக்குத்தான் போகும்.

"வேணாம்பா" என்றேன். "இதையும் பேங்க்லயே வாங்கலாம். எம்பேர்ல."

"இத்தினூண்டு பணத்துக்கா? அந்த மேனேஜர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும்."

"வட்டி?"

"வேலைக்குப் போயி நான் கட்டறேன்."

"கம்பெனி எடுத்துக்காதுன்னியே."

"எடுத்துக்காது. நாந்தான் கட்டுவேன். கொஞ்சமா இருக்கறதால ஒரு ரெண்டு மூணு வருசத்துல கட்டிடலாம்."

அப்பா ஒரு கடலையை உரித்தார். தோலை ஊதினார்.

"கட்டிட்டா?"

"முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னா?"

"அவ்ளோதாம்பா. அதுக்கப்புறம் யாருக்கும் ஒண்ணும் தர வேணாம். எங்க வேணா போலாம்."

பஸ் கிளம்பியது. கண்டக்டர் பின்னால் யாரையோ உள்ளே போகச் சொல்லிக் கத்தினார். அப்பா உரித்த கடலையை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சே பூடுமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, நான் இன்னும் பதில் சொல்லாததுபோல, மறுபடி கேட்டார்.